கேட்டவர்கள் கை தூக்குங்கள்

அனாயீ டீச்சர் மேடையில் இருந்த கம்ப்யூட்டரில் ஒரு பொத்தானை அழுத்தினார்.

அரங்கம் முழுவதும் போன்கள் அதிர்ந்தன.

தொள்ளாயிரம் போன்கள். உருகுவேயின் தலைநகர் மொன்டெவிதேயோவில், பல்கலைக்கழகத்தின் முதலாண்டுப் புள்ளியியல் வகுப்பு என்றால் அப்படித்தான். யார் வேண்டுமானாலும் சேரலாம், நாற்காலிதான் கிடைக்காது. படிக்கட்டுகளில் உட்கார்ந்திருந்தவர்கள் முழங்காலை மடக்கிக்கொண்டு பைக்குள் இயர்போனைத் துழாவினார்கள்.

நான் கடைசி வரிசையில் இருந்தேன். பல் மருத்துவனாக இருந்து ஓய்வு பெற்றவன். செவ்வாய்க்கிழமைதோறும் சீட்டாடப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு, தொப்பியைப் புருவம்வரை இழுத்துவிட்டுக்கொண்டு இங்கே வந்து உட்காருவேன்.

பக்கத்தில் யானினா. என் பேத்தி வயதுதான் இருக்கும். மாத்தே இலை போட்ட குவளையில் பிளாஸ்க்கிலிருந்து வெந்நீர் ஊற்றி, எங்கள் ஊர்த் தேநீரான அதை என்னிடம் நீட்டினாள்.

"எனக்குத் திட்டுதான் வந்திருக்கும் தாத்தா. உங்களுக்கு?"

"எனக்கும் அதேதான். சேர்ந்தே வாங்கிக்குவோம்."

போன வாரம் டீச்சர் ஒரு கேள்வி கொடுத்திருந்தார். சின்ன மருத்துவமனையைவிடப் பெரிய மருத்துவமனையில் நூற்றுக்கு அதிகம் பேர் இறக்கிறார்கள். அப்படியென்றால் பெரியது மோசமா? போனிலேயே தட்டி அனுப்பினோம். பெயர் கிடையாது, எண் மட்டும்.

வழக்கமாக இதற்கெல்லாம் ஒரு மதிப்பெண் வரும், அத்தோடு சரி. இத்தனை பேருக்கு யார் உட்கார்ந்து விளக்கம் எழுதுவது?

அனாயீ டீச்சர் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். அவர் எழுதிய நிரல், ஒரே மாதிரி யோசித்தவர்களின் விடைகளை ஒன்றாகச் சேர்த்துக் கொடுக்கும். அவர் அவற்றைப் படிப்பார். பிறகு அந்தச் சிலருக்காக மட்டும் பேசிப் பதிவு செய்வார். அந்தக் குரல்தான் இப்போது எங்கள் போன்களுக்கு வந்திருந்தது.

பொத்தானை அழுத்துவதற்கு முன் அவரே சொல்லியிருந்தார்.

"இதை யாரும் கேக்க மாட்டாங்க, மதிப்பெண்ணைப் பாத்துட்டு மூடிடுவாங்கன்னு துறையில சிரிக்கிறாங்க. இன்னிக்குப் பாத்துடுவோம். நீங்க கேக்கலைன்னா நானும் இதோட நிறுத்திக்கிறேன்."

நான் இயர்போனை மாட்டினேன்.

"கணக்கை அழகா போட்டிருக்கீங்க. ஆனா தீர்ப்பை அவசரப்பட்டுச் சொல்லிட்டீங்க. ரெண்டு இடத்துக்கும் ஒரே மாதிரி நோயாளிங்களா வர்றாங்க? அதை யோசிச்சுட்டு மறுபடி எழுதுங்க. இவ்வளவு தூரம் வந்தவங்க, மிச்ச தூரத்தையும் வந்துடுவீங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. என்னிடம் மசியாத கடைவாய்ப்பற்களை எல்லாம் நானே பெரிய மருத்துவமனைக்குத்தான் அனுப்பிவைத்திருக்கிறேன். அது எனக்குத் தோன்றவேயில்லை.

ஆயுள் முழுக்க, எதிரில் இருப்பவரின் வாயைத் திறக்கச் சொல்லிவிட்டு நானே பேசிக்கொண்டிருந்தவன். பதில் சொல்ல யாரையும் விட்டதில்லை. இவர் பதிலைப் படித்துவிட்டு அல்லவா பேசுகிறார்!

நெஞ்சு நிறைந்துபோய் இயர்போனைக் கழற்றினேன்.

அப்போதுதான் மைக்கில் அவர் குரல் மெதுவாகக் கேட்டது.

"கடைசி வரைக்கும் கேட்டவங்க கை தூக்குங்க."

ஒரு கைகூட எழவில்லை.

"யாராவது?"

யாருமில்லை.

டீச்சர் வரிசைகளைப் பார்த்தார். குனிந்த தலைகள். கீழுதட்டைக் கடித்துக்கொண்டார். பிறகு, "சரி" என்று தனக்குத்தானே சொல்வதுபோலச் சொல்லிவிட்டு, கம்ப்யூட்டரின் மூடியில் கை வைத்தார்.

நான் சுற்றிலும் பார்த்தேன்.

யானினா இரண்டாவது முறையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். கையில் பேனா ஓடியது. படிக்கட்டில் ஒரு பையன் போனைப் பார்த்து, "ஆமா, ஆமா, அதான் விட்டுட்டேன்" என்று முணுமுணுத்தான். முன்னால் ஒருத்தி கண்ணை இறுக மூடி, இரண்டு காதுகளையும் உள்ளங்கையால் பொத்தியிருந்தாள், ஒரு சொல்லும் தப்பிவிடக் கூடாது என்பதுபோல. இத்தனை பேர் கூடிய அந்த அரங்கில் இருமல் சத்தம்கூட இல்லை.

நான் எழுந்தால் இத்தனை வாரங்கள் ஒளிந்திருந்தது வீணாகிவிடும்.

எழுந்தேன். தொப்பியைக் கழற்றித் தலைக்கு மேல் வீசினேன்.

"டீச்சர், மூடாதீங்க! நீங்க கேட்டது யார் காதுலயும் விழல. எல்லாரும் உங்களைத்தான் கேட்டுக்கிட்டிருக்காங்க!"

அவர் கை அப்படியே நின்றது.

மறுபடி பார்த்தார். இந்த முறை தலைகளை அல்ல, காதுகளை. ஒவ்வொரு வரிசையாக, படிக்கட்டுகளைக்கூட விடாமல். முகத்தில் மெல்ல மெல்ல வெளிச்சம் ஏறியது. ஏறிக்கொண்டே வந்த பார்வை கடைசி வரிசையில், தொப்பியில்லாத என் வழுக்கைத் தலையில் வந்து நின்றது.

மைக் அவர் வாயருகே இருந்தது.

"அப்பா?"

ஒலிபெருக்கிகளில் அது அரங்கம் முழுக்க எதிரொலித்தது.

ஒருவர்கூட நிமிரவில்லை. அவ்வளவு கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள், என் மகளை.