நான்காவது துளை

தூரக்கண்ணாடியில் கண்ணை வைத்தபடியே அவன் சிரித்தான்.

துப்பாக்கி பழகும் திடலில் நூறு மீற்றருக்கு அப்பால், குறி பார்க்கும் தாளில் மூன்று துளைகள். ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு இருந்தன. ஒரு சட்டைப் பொத்தானால் மூன்றையும் மூடிவிடலாம்.

மனைவி தயாளினி சுட்டது நான்கு முறை.

நான்காவது எங்கே போயிற்று என்று அவன் யோசிக்கவே இல்லை. வீட்டில் தோட்டா செய்கிறவர்களுக்கு ஒரு நோய் உண்டு. தாளில் ஒரு துளை குறைந்தால், ஒரே துளைக்குள் இரண்டு போய்விட்டது என்றுதான் நினைப்பார்கள். வேறெதுவும் அவர்கள் புத்தியில் ஏறாது.

அவனுக்கு அந்த நோய் முற்றியிருந்தது.

மூன்று மாதமாக பேஸ்மென்டில் தராசும் வெடிமருந்துமாகக் கிடந்தவன் அவன். அந்த மக்னம் ரைபிளில் கடைத் தோட்டாவைப் போட்டால் கழுதை உதைக்கிற மாதிரி உதைக்கும். போன வருடம் மனைவியின் தோள் கன்றிக் கறுத்துப்போனது. இனி இந்தச் சனியனைத் தொடமாட்டேன் என்றுவிட்டாள். ஒண்டாரியோவின் குளிரில் மானுக்காகக் காத்துக் கிடக்கும்போது பக்கத்தில் அவள் இல்லாவிட்டால் அவனுக்குப் பிடிக்காது. அதற்காகத்தான் இவ்வளவு பாடும். உதையும் குறைய வேண்டும், குறியும் பிசகக் கூடாது.

இன்றைக்கு இரண்டும் வாய்த்துவிட்டது.

பக்கத்து மேசை வெள்ளைக்காரர் பெரிய ரைபிள் ஒன்றால் ஓயாமல் சுட்டுக்கொண்டிருந்தார். எல்லோர் காதிலும் தடித்த மூடிகள். தயாளினியின் நான்காவது வெடி அவனுக்குத் தனியாகக் கேட்கவில்லை.

"அதே ஓட்டைக்குள்ளை போட்டிருக்கிறீர்!" என்று கத்தினான். "அடுத்ததையும் அடியும்."

அவள் ரைபிளின் பின்பூட்டான போல்ட்டை இழுத்தாள். வெற்றுக் கோது மேசையில் விழுந்து உருண்டது. ஐந்தாவது தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டினாள். கன்னத்தை ரைபிள் கட்டையில் பதித்தாள்.

வெள்ளைக்காரர் தோட்டா நிரப்புவதற்காகக் கொஞ்சம் நிறுத்தினார்.

"இஞ்சேருங்கோ, கடைசியா அடிச்சதுதான் திறம்," என்றாள், கன்னத்தை எடுக்காமலே. "தோளிலை படவே இல்லை. எல்லாத்தையும் உப்பிடியே செய்து தாங்கோ."

படவே இல்லை.



உதை குறையும். இல்லாமல் போகாது. மருந்து போட்ட தோட்டா தோளைத் தொடாமல் வெடிக்காது.

அப்படியானால் நான்காவது கோதுக்குள் மருந்தே இல்லை. அடியில் இருக்கிற சின்னப் பொறி மட்டும் வெடித்துக் குண்டைத் தள்ளியிருக்கிறது. குண்டு தாளுக்குப் போகவில்லை. குழலுக்குள்ளேயே நிற்கிறது. அதற்குப் பின்னால் இப்போது முழு மருந்தோடு இன்னொன்று. சுட்டால் குழல் அவள் முகத்துக்கு நேரே வெடித்துச் சிதறும்.

அவள் விரல் விசைக்குப் போய்விட்டது.

கத்த நேரமில்லை. கை மட்டும் போனது. போல்ட்டின் பிடியைப் பற்றித் தூக்கி இழுத்தான். தோட்டா வெளியே தெறித்து நிலத்தில் விழுந்தது. ரைபிள் ஆடியதில் கட்டை அவள் கன்னத்தில் இடித்தது.

"என்னப்பா, விசரே உங்களுக்கு?"

அவன் போல்ட்டை முழுதாகக் கழற்றினான். குழலை வானத்துப் பக்கம் திருப்பிப் பின்னாலிருந்து பார்த்தான். நல்ல மத்தியான வெயில். குழலுக்குள் இருட்டு.

அவளிடம் நீட்டினான். அவளும் பார்த்தாள்.

"நாலாவது. உதுக்குள்ளைதான் நிக்குது."

மருந்து போட்டதும் ஒவ்வொரு கோதுக்குள்ளும் டோர்ச் அடித்துப் பார்க்க வேண்டும். பிறகுதான் குண்டை வைத்து அழுத்த வேண்டும். அவன் ஒருநாளும் தவறாத வேலை அது. இந்தத் தோட்டாக்களைச் செய்த ஞாயிற்றுக்கிழமை மட்டும், பெட்டியில் ஒட்டுவதற்கு அவள் பெயரை அழகாக எழுத வேண்டுமென்று நல்ல பேனா தேடி மேலே போனான். திரும்பி வந்ததும் எல்லாம் பார்த்து முடித்துவிட்டதாகவே நினைப்பு. எவ்வளவு பெரிய மடையன்.

இதையெல்லாம் அவளுக்குச் சொன்னான். ஒன்றையும் மறைக்கவில்லை. அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அடுத்ததையும் அடியும் எண்டு சொன்னனீங்கள்," என்றாள்.

திட்டுகிற குரல் இல்லை. நடந்ததை வரிசையாக நினைத்துப் பார்க்கிற குரல்.

"ஓம்."

"நான் பூட்டியும் போட்டன்."

"ஓம்."

அவள் எழுந்து தண்ணீர்ப் போத்தலை எடுக்கக் கார்ப் பக்கம் போனாள். நேராகத்தான் நடந்தாள். பாதி வழியில் ஒருமுறை நின்றுவிட்டுப் பிறகு போனாள்.

அவன் அவள் இருந்த கதிரையில் இருந்தான். வெறும் ரைபிளை மேசையில் வைத்து, அவள் கன்னம் வைத்த இடத்தில் தன் கன்னத்தை வைத்தான். எவ்வளவு கிட்ட என்று அவனுக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. போல்ட் பூட்டுகிற இடத்துக்கும் தன் கண்ணுக்கும் நடுவே கையைக் குறுக்காக வைத்தான்.

நாலு விரல் கொண்டது. கட்டைவிரலுக்கு இடமில்லை.

மற்றக் கையால் அளந்தான். அதே நாலு விரல்.

திரும்பவும் அளந்தான்.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தானோ, தயாளினியின் குரல் தலைக்கு மேலே கேட்டது.

"எழும்புங்கோ. ஆக்கள் பாக்கினம்."

வெள்ளைக்காரர் உண்மையிலேயே ரைபிளைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அவன் எழும்பவில்லை. கையை அங்கிருந்து எடுக்கவும் இல்லை.