ஒண்ணாங்கிளாஸ்

"ஒண்ணு குழுவுல அந்த ஆளு இருக்கணும், இல்ல நான் இருக்கணும். இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சாகணும் அக்கா."

மருந்துக்கடை மேஜையில் கருவிப் பையைத் தொப்பென்று வைத்தான் லிஃப்ட் மெக்கானிக். எதிர்க் கட்டடத்தில் ஒரு லிஃப்டை ஆறாவது மாடியில் அப்படியே நிறுத்திவிட்டு வந்திருக்கிறான். நல்லவேளை, உள்ளே ஆள் இல்லை.

கடைக்கார அக்கா நிமிராமல் மருந்துச் சீட்டு ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தாள். டாக்டர் கிறுக்கலையே சரளமாகப் படிக்கிறவளுக்கு இலக்கணம் தண்ணீர் பட்ட பாடு. ஏழு வருடத்துக்கு முன்னால் இணையத்தில் அந்தத் தமிழ் இலக்கணக் குழுவை ஆரம்பித்தவளே அவள்தான். இன்றைக்கு இரண்டாயிரம் பேர். அக்கா பதில் எழுதிவிட்டால் பேராசிரியர்கள்கூட மறுபேச்சுப் பேசமாட்டார்கள். மெக்கானிக் அங்கே அட்மின். கூட்டத்தை மேய்ப்பது அவன் வேலை. ஆளை வெளியே அனுப்பும் அதிகாரம் மட்டும் அக்காவிடம்.

"யாரைச் சொல்றீங்க தம்பி?"

"வேற யாரு, அந்த ஒண்ணாங்கிளாஸ்தான்."

குழுவில் ஓர் ஆளின் புனைபெயர் அது. படம் கிடையாது, விவரம் கிடையாது. வாரத்துக்கு இரண்டு கேள்வி மட்டும் தவறாமல் வந்துவிடும்.

"நேத்து என்ன கேட்டிருக்கான் தெரியுமா? 'ஒரு' எங்க வரும், 'ஓர்' எங்க வரும்னு. எவ்வளவு பெரிய ஆளுங்க இருக்கிற இடம். இதுகூடத் தெரியாதவனுக்கு அங்க என்ன வேலை? மூணு தடவை எச்சரிச்சுட்டேன். 'மூளையை வீட்டுல வச்சுட்டு வந்தீங்களா'ன்னுகூடக் கேட்டுட்டேன்."

"அதுக்கு என்ன சொன்னான்?"

"'நன்றி ஐயா'ன்னு போடறான். கொஞ்சமாவது உறைக்கணுமே."

அக்கா சீட்டைக் கீழே வைத்தாள்.

"சரி, அனுப்பிடலாம்." கைபேசியில் எதையோ தட்டி அவனிடம் நீட்டினாள். "நீங்களே அழுத்துங்க. 'கணக்கை மூடு'ன்னு கீழ இருக்கும்."

வாங்கினான். திரையின் உச்சியில், 'வணக்கம், ஒண்ணாங்கிளாஸ்' என்றிருந்தது.

திரையைப் பார்த்தான். அக்காவைப் பார்த்தான். மறுபடியும் திரையைப் பார்த்தான்.

"அக்கா, இது நீங்களா?"

"குழுவுல சேரும்போது படிவம் ஒண்ணு எழுதுவீங்களே. அதுல கடைசிக் கேள்வி ஞாபகம் இருக்கா?"

இருந்தது. 'வெளியில் கேட்க வெட்கப்படும் ஒரு சந்தேகத்தை எழுதுங்கள். வேறு யாரும் பார்க்கமாட்டார்கள்.'

"எழுதத்தான் எழுதறாங்க. உள்ள வந்ததும் வாயைத் திறக்கறதில்ல. வக்கீல் ஒருத்தர் இருக்கார். தமிழ் வாத்தியாரே ரெண்டு பேர் இருக்காங்க. பாவம், எப்படிக் கேப்பாங்க? அதான் அவங்களுக்காக நான் கேட்டுடறேன்."

"உங்க பேர்லயே விளக்கி எழுதிடலாமே?"

"எழுதிப் பாத்தாச்சு. நான் பாடம் எடுத்தா ஒருத்தரும் படிக்கறதில்ல. ஒரு மக்கு வந்து கேள்வி கேட்டா, திட்டறதுக்கு நாப்பது பேர் ஓடி வராங்க. அதுல யாராவது பதிலும் சொல்லிடறாங்க."

"திட்டறாங்களேக்கா. நானே என்னவெல்லாம்..."

"என்னைத்தானே திட்டறீங்க. எழுதிக் குடுத்தவங்க மேல ஒரு சொல்லு படலையே."

மெக்கானிக்குக்குப் புல்லரித்துவிட்டது. இலக்கணத்தில் கரைகண்டவள், தன்னிடம் கற்றுக்கொண்டவர்களிடமே ஏழு வருடமாக மக்குப் பட்டம் வாங்கிக்கொண்டு, 'நன்றி ஐயா' போட்டுக்கொண்டிருக்கிறாள். நாள் முழுக்க உயரத்திலேயே வேலை பார்க்கிறவன் அவன். இவ்வளவு உயரத்தில் ஒரு மனுஷியைப் பார்த்ததே இல்லை.

இருமிக்கொண்டே ஒருவர் கடைக்கு வந்தார். அக்கா எழுந்து அலமாரிப் பக்கம் போனாள்.

அவன் கேள்விகளைக் கீழே கீழே தள்ளிப் பார்த்தான். நாலு வருடம் பின்னால் போனதும் விரல் நின்றுவிட்டது. அவன் குழுவில் சேர்ந்ததற்கு மறுநாள் தேதி.

'அல்ல எங்கே வரும், இல்லை எங்கே வரும்?'

படிவத்தில் அவன் எழுதிக் கொடுத்த சந்தேகம். ஓர் எழுத்து மாறவில்லை. நல்ல காலம், நம்மைப் போல இன்னொரு மக்கு இருக்கிறான் என்று அன்றைக்கு அந்தப் பதிலை நோட்டில் குறித்துக்கொண்டதெல்லாம் ஞாபகம் வந்தது.

"என்ன தம்பி, மூடியாச்சா?" அலமாரிக்குப் பின்னாலிருந்து அக்கா கேட்டாள்.

அவன் பதில்களைத் திறந்தான். அந்தக் கேள்விக்குக் கீழே முதல் ஆளாக ஒருவன் வந்து எழுதியிருந்தான்: 'இதெல்லாம் ஒரு கேள்வியா? இதுகூடத் தெரியாமல் எதற்கு இங்கே வருகிறீர்கள்?'

குழுவில் மெக்கானிக் எழுதிய முதல் வரி அது. அதற்கும் கீழே, 'நன்றி ஐயா.'