ராஜ்தூத் கொடுத்த வாக்குமூலம்

புது எஸ்.ஐ. ஆரோக்கியதாஸுக்கு இரண்டு விஷயங்களில் பைத்தியம். ஒன்று, பழைய மோட்டார் சைக்கிள். இன்னொன்று, பாண்டிச்சேரியிலிருந்து சரக்குக் கடத்துகிறவர்களைப் பிடிப்பது. முந்தின நாள்தான் டூட்டியில் சேர்ந்திருந்தார். மறுநாள் காலையிலேயே இரண்டும் சேர்ந்து வந்து மாட்டும் என்று அவரே நினைத்திருக்க மாட்டார்.

ஸ்டேஷன் வாசலில் ஒரு பழைய ராஜ்தூத். அதன் பக்கத்தில் கையில் சாவியோடு உப்பளத் தொழிலாளி முருகையன். வண்டியைப் பார்த்ததும் ஆசையாகத் தடவ வந்த எஸ்.ஐ., சைடு பெட்டியிலிருந்து குப்பென்று அடித்த பிராந்தி வாடையில் அப்படியே நின்றுவிட்டார்.

"வண்டி யாருதுய்யா?"

"என்னுதுதாங்க ஐயா."

"பாண்டிக்கு அடிக்கடி போவியோ?"

"பாண்டிக்கா? வூட்டுக்கும் உப்பளத்துக்குந்தாங்க ஓட்டுவேன்."

டீ கிளாசோடு ஏட்டு இருசப்பன் அவசரமாக வந்தார். ஓய்வு பெற ஒரு வருஷம்கூட இல்லாத மனிதர். வம்பு கிழக்கே வந்தால் மேற்கே நடக்கிற ஆள்.

"ஐயா, டீ ஆறிடப் போவுது" என்றார்.

"ஆறட்டும். ஜீப்புல பிளக் ஸ்பேனர் இருக்கும், எடுத்துட்டு வாங்க."

எஸ்.ஐ. மண்ணில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து இன்ஜினிலிருந்து ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினார். மாப்பிள்ளை வீட்டார் வைரத்தோட்டைப் பார்ப்பதுபோல வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இங்க பாருங்க ஏட்டு. உப்பளத்து வரப்புல முக்கி முனகிப் போற வண்டின்னா, பெட்ரோல் சரியா எரியாம பிளக் முனை கரியா அப்பியிருக்கும். இது எப்படி இருக்குது? டீ கலர்ல, சுத்தமா! நல்ல ரோட்டுல, ஆக்ஸிலேட்டரை முழுசா முறுக்கி, ரொம்ப தூரம் ஓடினாத்தான் இந்தக் கலர் வரும்."

"ஐயா, நான் சொல்றதக் கொஞ்சம் கேளுங்க..." என்று முருகையன் வாயெடுத்தான்.

"வாய மூடு!"

எஸ்.ஐ. இப்போது கார்புரேட்டர் பக்கம் தலையைச் சாய்த்தார். "ஏர் ஸ்க்ரூவுல புதுசா ஸ்க்ரூடிரைவர் பட்ட தடம். ஸ்பீடா போறதுக்குன்னே காத்தையும் பெட்ரோலையும் அளவா வச்சு டியூன் பண்ணியிருக்கான். கில்லாடிதான்!"

எஸ்.ஐ.யின் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்த இருசப்பன், முருகையனைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தார். பேசாதே என்று கண்ணாலேயே கெஞ்சினார். முருகையன் ஒன்றும் புரியாமல் விழித்தான்.

"பாவங்க, புள்ளகுட்டிக்காரன்" என்றார் ஏட்டு. "இந்த ஒருவாட்டி எச்சரிச்சு வுட்டுடலாம்."

"விடறதா? இந்த வண்டியில சரக்கு ஏத்தினவன் யாரா இருந்தாலும் இன்னிக்கு உள்ள போறான். போய் எஃப்.ஐ.ஆர். எழுதுங்க."

இருசப்பன் சட்டைப் பையில் பேனாவைத் தேடுவதுபோல அங்கேயே நின்றார்.

ஜெயில் என்றதும் முருகையனுக்குப் பயமே விட்டுப்போயிற்று. இரண்டு பேருக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டு கத்தினான்.

"ஐயா, நீங்க சொல்றது அத்தனையும் நெசமாவே இருக்கட்டும்! ஆனா இது இன்சூரன்ஸ் இல்லேன்னு மாசி மகத்தன்னிக்கு உங்க ஸ்டேஷன்ல புடிச்சு வச்ச வண்டிங்க. அன்னியிலேருந்து இங்கதான் நிக்குது. கோர்ட்டுல ஃபைன் கட்டிட்டு இப்பதான் எடுத்துட்டுப் போவ வந்தேன். ஏட்டய்யா சாவி குடுத்து அஞ்சு நிமிஷம்கூட ஆவல!"

எஸ்.ஐ. மெதுவாக எழுந்தார். கையில் பிளக்கோடு அதைவிட மெதுவாகத் திரும்பினார்.

"ஏட்டு, இந்த வண்டிய யாருய்யா பாண்டிக்கு ஓட்டினது?"

இருசப்பன், முருகையன் காதில் விழாதபடி எஸ்.ஐ.யின் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"கடைசியா நேத்து சாயங்காலம் நான்தாங்க போனேன், நீங்க டூட்டியில சேர்ந்ததுக்கு நாங்க வச்ச விருந்துக்கு... சரக்கு அருமைன்னு நீங்ககூட ரெண்டாவது பாட்டில் கேட்டீங்களே ஐயா!"