படி ஏறுகிறவளின் வலி

மாடிப்படி ஏறினால் கமலவல்லிக்கு நெஞ்சு இறுகும். வலி இடது தோள் வழியாகத் தாடைவரை போகும். அவள் கணவர் ஜகன்னாத் இரண்டு வருஷமாக ஒரே பதில்தான் சொன்னார். "வாயுதான். சுக்கு வெந்நீர் குடி."

கடைசியில் அவள் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு, ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் ஏறி, மன்னார்புரத்தில் இதய டாக்டரைத் தனியாகவே பார்த்தாள். இதயத்துக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு என்றார் டாக்டர். வலி வந்தால் உடனே உட்கார்ந்து, நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்ள மாத்திரை கொடுத்தார்.

ஜகன்னாத் ரிப்போர்ட்டைத் திறக்கவே இல்லை. "டாக்டர்னா ஏதாவது பயமுறுத்தத்தான் செய்வா."

அவள் காய்ந்த துணியை எடுக்க மொட்டைமாடிக்குப் போனாள். கோபத்தில் வேகமாகவே ஏறினாள். வலிக்கவில்லை. இறங்கி வந்தபோது ஜகன்னாத் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வேர்த்துக் கிடந்தார். ஆஸ்பத்திரியில் ஈசிஜி, ரத்தப் பரிசோதனை எல்லாம் சரியாக இருந்தன. "ஒன்னுமில்லங்க, வாயுவா இருக்கும்" என்று அனுப்பிவிட்டார்கள்.

மறுநாளும் அவள் ஏறினாள். கீழே அவருக்கு வலித்தது. அவளுடைய மாத்திரையை அவர் போட்டுப் பார்த்தார், வலி அடங்கவில்லை. ஏதோ தோன்றி அவள் தன் நாக்குக்கு அடியில் ஒன்றை வைத்துக்கொண்டாள். அவருக்கு மூச்சு சீரானது.

நான்காம் நாள் சாயங்காலம் ஜகன்னாத் மாடிப்படியை மறித்து நின்றார். "கமலா, உன் காலைப் பிடிச்சுக்கறேன். மெதுவா ஏறு."

இரண்டு வருஷத்தில் அவர் அப்படிச் சொன்னது அதுவே முதல் தடவை. அவள் அவர் கையை விலக்கினாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, இரண்டிரண்டு படியாகத் தாண்டி ஏறினாள்.