மீதி ஒன்று

இந்த நாட்டுக்கு வருகிறவர்கள் பயண அட்டையில் மீதி வைத்துக்கொண்டு கிளம்பக் கூடாது. பூஜ்யமானால்தான் விமான நிலையக் கதவு திறக்கும். நானும் என் மனைவி பூங்கொடியும் இதைப் படித்துவிட்டுத்தான் வந்தோம். கடைசிப் பத்துக்கு ஒரு காபி வாங்கி, ஆளுக்குப் பாதியாகக் குடித்தோம். கதவு திறக்கவில்லை. மீதி ஒன்று என்று காட்டியது.

கல்யாணத்துக்கு என் மாமனார் மொய்யாகக் கொடுத்த அட்டை அது. மனுஷன் வெறும் ஆயிரமாகவா போடுவார்? ஆயிரத்தொன்று. இங்கேயோ எல்லா விலையும் பத்துப் பத்தாகத்தான்; மிட்டாய்கூடப் பத்து.

உதவிக் கவுண்டரில் ஒரு தமிழ்ப் பெண் இருந்தாள். வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

"இந்த ஒண்ணை நீங்களே எடுத்துக்குங்களேன்," என்றேன்.

"கை மாத்தினா ஜெயில் சார்."

"அப்ப இன்னும் ஒன்பது போடுறேன்."

"நூறு நூறாத்தான் போட முடியும்."

பூங்கொடி அழ ஆரம்பித்தாள். "வளரட்டும்னுதானேங்க அப்பா அந்த ஒண்ணைப் போட்டாரு!"

"வளரும்மா," என்றாள் அந்தப் பெண். "வருஷத்துக்கு ஒண்ணு வட்டி வரும். ஒன்பது வருஷத்துல பத்தாயிடும். ஒரு காபி குடிச்சிட்டுக் கிளம்பலாம். அதுவரைக்கும் இங்கயே வேலை குடுத்து, சாப்பாடும் போடுவாங்க. பக்கத்துக் கவுண்டர் காலியாத்தான் இருக்கு."

எனக்குச் சுருக்கென்றது. "நீங்க எந்த ஊரு?"

"தேவகோட்டை. எனக்குப் பெரியப்பா ஐநூத்தியொண்ணு போட்டாரு."

கழுத்தில் தொங்கிய அட்டையைத் திருப்பிக் காட்டினாள். அதில் மீதி ஏழு என்று இருந்தது.