பாட்டிக்கு ஞானஸ்நானம்

யூதனைப் பத்தடி தூரத்திலேயே மோந்து பிடித்துவிடுவேன் என்று இன்ஸ்பெக்டர் ஃபிர்மன் தெலாரோக் பீற்றிக்கொள்ளாத நாளில்லை. ஜெர்மானியருக்கு அடங்கி பிரான்ஸை ஆண்ட விஷி சர்க்கார் அவருக்குச் சம்பளம் கொடுத்ததே அந்த மூக்குக்குத்தான்.

அந்த மூக்குக்கே வந்தது சோதனை. யாரோ ஒரு புண்ணியவான் மேலிடத்துக்கு மொட்டைக் கடுதாசி போட்டுவிட்டான். ‘இன்ஸ்பெக்டரின் பாட்டி பெயர் ராஷெல். அவள் யூதச்சி இல்லை என்பதற்கு என்ன அத்தாட்சி?’

ஊரார் போட்ட மொட்டைக் கடுதாசிகளாலேயே பதவி உயர்வு வாங்கிய மனிதர், பாவம், முதல் தடவையாக அந்த வழக்கத்தைக் கேவலம் என்று நினைத்தார்.

திங்கட்கிழமைக்குள் பாட்டியின் ஞானஸ்நானச் சான்று வராவிட்டால் வேலை காலி. வேலை போனால் ஊர் அவரைச் சும்மா விடுமா? எத்தனை வீட்டுக் கதவை உடைத்தவர்! பாட்டி ஊர்க் கோயிலோ ஞானஸ்நானப் பதிவேடுகளோடு எப்போதோ எரிந்து சாம்பலாகிவிட்டது.

ஆகவேதான் இன்று மதியம், கையில் ஒரு பொட்டலத்தோடு, பங்குச் சாமியார் அன்செல்மின் சமையலறையில் வந்து உட்கார்ந்திருந்தார்.

“சாமி, சுத்தி வளைக்காம சொல்லிடறேன். போன மாசம் நான் பிடிச்ச நாலு பேர்கிட்டயும் ஞானஸ்நானச் சான்று இருந்துச்சு. நாலும் உங்க கையெழுத்து.”

சாமியாரின் முகம் வெளுத்தது. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த வேலைக்காரி க்ளெமான்ஸின் கை அப்படியே நின்றது.

“பயப்படாதீங்க. அஞ்சாவதா எனக்கு ஒண்ணு வேணும். எங்க பாட்டிக்கு.”

சாமியார் பேனாவை எடுத்தார். “எந்த வருஷம் பொறந்தாங்க?”

“ஆயிரத்து எண்ணூத்தி நாப்பதுன்னு போடுங்க. அவங்க வந்து கேக்கவா போறாங்க?”

“சரி. அந்த நாலு பேர்?”

“அவனுங்களுக்கு என்ன?”

“அவங்க சான்று பொய்னா, பாட்டியோடதும் பொய்யாயிடுமே. கையெழுத்து ஒண்ணுதானே?”

இன்ஸ்பெக்டருக்குச் சுருக்கென்றது. முனகிக்கொண்டே நால்வருக்கும் விடுதலைச் சீட்டு எழுதினார். ராஷெல் பாட்டி செத்து முப்பது வருஷத்துக்குப் பிறகு கத்தோலிக்கப் பெண்ணானாள்.

மனசு லேசாகிவிட்டது. பொட்டலத்தைப் பிரித்தார். கறுப்புச் சந்தைக்காரனிடம் பறிமுதல் செய்த பன்றித் தொடை. ரேஷன் டர்னிப் கிழங்கையே தின்று அலுத்த ஊரில் அந்த வாசனை ஆளையே தூக்கியது. தாராளமாக ஒரு துண்டு அறுத்து நீட்டினார்.

“சாப்பிடுங்க சாமி.”

சாமியார் தட்டை மெல்லத் தள்ளினார். “ஜெர்மனியில கைதியா இருக்கற நம்ம பிள்ளைங்க வீடு திரும்பற வரைக்கும் கறி தொடறதில்லைன்னு வேண்டுதல்.”

இன்ஸ்பெக்டருக்குக் கண் கலங்கிவிட்டது. “உங்களை மாதிரி ஆளுங்களாலதான் சாமி பிரான்ஸ் இன்னும் பிரான்ஸா இருக்கு! மூணு மாசமா ஸ்பிட்சர்னு ஒரு யூதனைத் தேடி அலையறேன். புத்தகத்துக்கு அட்டை கட்டறவன். காட்டுல எங்கேயோ ஒளிஞ்சிருக்கான். அகப்படட்டும், அவனுக்கு இருக்கு.”

சாமியாரின் கையை முத்தமிட்டு, பாட்டியைப் பத்திரமாகச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார்.

கதவு சாத்தியதும் க்ளெமான்ஸ் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

“போன வாரம் போலீஸ்காரர் பன்றித் தொத்திறைச்சி கொண்டாந்தப்ப வயித்துப்புண்ணுன்னீங்க. மேயர் சம்சாரம்கிட்ட, ஈஸ்டர் முடிஞ்சு ஒரு மாசம் கழிச்சு, தவக்காலம்னீங்க. இவர்கிட்ட வேண்டுதல். மூணு பேரும் ஒருநாள் ஒண்ணா உக்காந்து பேசினா என்ன கதி? பன்றியைத் தொடாம இருக்க ஏதாவது ஒரே பொய்யாச் சொல்லித் தொலைங்களேன், ஸ்பிட்சர் ஐயா!”