வெர்னாவின் சாட்சி

வேட்பாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டதும், வெர்னா தன் அழுகையை மறந்துவிட்டு அவருக்கு ஆறுதல் சொல்லத் தொடங்கிவிட்டாள்.

"அட, நீ எதுக்குக் கண்ணு அழறே? இந்தா, இன்னொரு துண்டு ஆப்பிள் பை எடுத்துக்கோ."

செனட் தேர்தலுக்கு நிற்கும் நீல் ஹால்வர்சனுக்கு அவளுடைய மகன் வயசுதான் இருக்கும். அவள் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். "எனக்கு ஒண்ணுமில்ல வெர்னா. நீங்க மனசுல இருக்கறதை எல்லாம் சொல்லுங்க."

சமையலறை மூலையில் தாடிக்காரர் ஒருவர் கேமராவோடு நின்றிருந்தார். வெர்னாவின் கிழட்டு ஃபிரிட்ஜ் டிராக்டர் மாதிரி உறுமிக்கொண்டிருந்தது.

"இந்தச் சனியனை நிறுத்திடட்டுமா? நான் பேசறதே கேக்காது போலிருக்கே."

"வேணாம்மா, அது பாட்டுக்கு ஓடட்டும். பால் கெட்டுடப் போகுது" என்றார் தாடிக்காரர். வீட்டில் நல்லபடியாக வளர்த்திருக்கிறார்கள் என்று வெர்னா நினைத்துக்கொண்டாள்.

பிறகு சொன்னாள். ஊர் எல்லைக்கு உரக் கம்பெனி வந்தது, வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் பழுப்பேறியது, அதைக் குடித்த அவள் கணவர் டெல்மர் வயிற்றுப் புற்றுநோயில் எலும்பும் தோலுமாகிச் செத்தது, எல்லாவற்றையும் சொன்னாள். அந்தத் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து மேஜைமேல் வைத்திருந்தாள். வாயைத் திறக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு கம்பெனி கொடுக்க வந்த பணத்தை வாசலிலேயே திருப்பி அனுப்பிய பெண் அவள்.

"என் புருஷனைக் கொன்னது அந்தக் கம்பெனிதான்!" என்று கேமராவைப் பார்த்தே சொன்னாள். ஊரில் பாதிப் பேருக்கு அங்கேதான் வேலை. இதை வாய்விட்டுச் சொல்ல வேறு யாருக்கும் துணிச்சல் இல்லை.

"ஜெயிச்சு வாஷிங்டன் போனதும் என் முதல் வேலையே இதுதான்" என்றார் ஹால்வர்சன். "இந்த மாநிலம் மொத்தமும் உங்களைப் பாக்கப் போகுது, வெர்னா."

தேர்தலுக்கு அப்போது இன்னும் ஒன்றரை வருஷம் இருந்தது. அந்த ஒன்றரை வருஷமும் வெர்னா கால் தேய நடந்தாள். அயோவாக் குளிரில் வீடு வீடாகக் கதவைத் தட்டினாள், முகத்தில் அறைகிற மாதிரி கதவைச் சாத்தியவர்களுக்கும் சிரித்த முகத்தோடு நோட்டீஸ் கொடுத்தாள்.

"வயசான காலத்துல அந்த ஆள்மேல உனக்குக் காதல் வந்துடுச்சுடி" என்று கிண்டல் செய்தாள் பக்கத்து வீட்டு ஆர்டிஸ்.

"காதல்தான். ஆனா அவன்மேல இல்ல, டெல்மர் மேல" என்றாள் வெர்னா.

அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சர்ச் கூடத்தில் மதியச் சாப்பாடு நடந்துகொண்டிருந்தது. டி.வி.யில் ஃபுட்பால் ஆட்டத்துக்கு நடுவே விளம்பரம் வந்தது.

திரையில் வெர்னா! அவள் சமையலறை, அவள் கண்ணீர், அவள் கையைப் பிடித்தபடி ஹால்வர்சன். மேஜைமேல் இருந்த கிணற்றுத் தண்ணீர் ஆப்பிள் ஜூஸ் மாதிரி பளபளத்தது. வாயசைத்தது அவள், பேசியதோ யாரோ ஒரு கட்டைக் குரல்காரன்.

"உரத் தொழிற்சாலையை இழுத்து மூடத் துடிக்கிறது எதிர்க்கட்சி. வேலை போனால் கண்ணீர் விடப்போவது இவரைப் போன்ற தாய்மார்கள்தான். தொழிற்சாலையைக் காப்போம். ஹால்வர்சனுக்கே வாக்களிப்போம்!" கீழே பொடி எழுத்தில் 'வளமான நாளை' என்று ஏதோ ஒரு அமைப்பின் பெயர்.

ஆர்டிஸ் தட்டைக் கீழே வைத்தாள். "ஏண்டி வெர்னா, கம்பெனிக்காகவா அழுதே? எவ்வளவு குடுத்தாங்க?"

வெர்னா எழுந்தாள். காரை எடுத்துக்கொண்டு நேராகக் கட்சி அலுவலகத்துக்குப் போனாள். ஹால்வர்சன் அடுத்த ஊருக்குக் கிளம்பப் பிரசாரப் பஸ் பக்கம் வந்துகொண்டிருந்தார்.

"யாரு அந்த 'வளமான நாளை'?"

"உரக் கம்பெனி பணம் போட்டு நடத்தற அமைப்பு, வெர்னா. எனக்கும் அவங்களுக்கும் சம்பந்தமே கிடையாது. அவங்களோட கலந்து பேசினாலே சட்டப்படி தப்பு."

"அப்ப என் மூஞ்சி அவங்ககிட்ட எப்படிப் போச்சு?"

"நாங்க எடுக்கற படத்தை எங்க இணையதளத்துல போட்டு வைப்போம். யாரு வேணா எடுத்துக்கலாம். எல்லா வேட்பாளரும் செய்யறதுதானே?"

பேசி வைத்துக்கொண்டு படத்தைக் கொடுத்தால் குற்றம். பொதுவில் வைத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டால் சட்டம் ஒன்றும் கேட்காது. ஒன்றரை வருஷமாக நம்பவைத்துக் கழுத்தை அறுத்துவிட்டார்கள் என்று வெர்னாவுக்குப் புரிந்தது. ஆனாலும் ஒரு நம்பிக்கை பாக்கி இருந்தது. அவள் பேசியது பேசியதுதானே? அதை யார் அழிக்க முடியும்?

"சரி, நடந்தது நடந்துபோச்சு. இப்ப அதே படத்தை நீ டி.வி.யில போடு. நான் பேசினதோட போடு. டெல்மரைக் கொன்னது யாருன்னு என் குரல்லயே ஊர் கேக்கட்டும்!"

பஸ் படியில் ஒரு காலை வைத்திருந்த ஹால்வர்சன் இறங்கிவந்து, அன்று போலவே அவள் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். கண்கூட லேசாகக் கலங்கியிருந்தது.

"உங்க குரலா? அன்னிக்கு நாம எடுத்தது ஊமைப்படம்தானே, வெர்னா."